அறுக்காமல் விட்ட பத்து சென்ட்

மேற்கு மலையில் காலையிலிருந்தே கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பம் ஊருக்குத் தெற்கே லத்திபாவின் ஒன்றரை ஏக்கர் நெல்லை அறுக்க, நான்கு நாள் அலைந்த பிறகுதான் மெஷின் கிடைத்திருந்தது. நிற்க முடியாமல் வரப்பில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

முக்கால்வாசி முடிந்தபோது மெஷின் சட்டென்று நின்றது. டிரைவர் ராக்கப்பன் கீழே குதித்து, நெல்லை விலக்கிப் பார்த்துவிட்டு அவளைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"காட்டுப்பூனைக் குட்டிங்க, அக்கா. தாய் இப்பத்தான் வாய்க்கா பக்கம் ஓடுச்சு."

மூன்று குட்டிகள். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

பக்கத்து வயல்காரர் வீரணனும் வந்து எட்டிப் பார்த்தார். "தூக்கி வரப்புல போட்டுட்டு அறுக்கச் சொல்லு தாயி. என் கோழி ரெண்டைத் தின்னது இதோட ஆத்தாதான்."

"வரப்புல போட்டா நாய் விடுமாண்ணே? போன போகத்துல எலி வெட்டி எவ்வளவு போச்சு! இந்தத் தடவை இந்தப் பூனை இருந்ததாலதான் நம்ம ரெண்டு பேரும் எலி மருந்தே வைக்கல."

"அதுக்காக வீட்டுச் சோத்தை மழைக்கு விடுவியா?"

வருடம் முழுக்க ஆறு பேர் சாப்பிட வேண்டிய நெல் அது.

"குட்டியைச் சுத்திக் கொஞ்சம் விட்டுட்டு அறுப்பா" என்றாள்.

"கொஞ்சமா விட்டா மெஷின் திரும்பாதுக்கா. பத்து சென்ட்டாவது விடணும். சீக்கிரம் சொல்லுங்க, கூடலூர்ல காத்துக்கிட்டு இருக்காக."

மேகத்தைப் பார்த்தாள். "விட்டுரு."

வீரணன் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நான்கு மணிக்கு மழை பிடித்தது. வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். இந்த மழையில் குட்டிகளையும் காப்பாற்றவில்லை, விட்ட நெல்லையும் காப்பாற்றவில்லை என்றே தோன்றியது.

விடிந்ததும் வயலுக்கு ஓடினாள். விட்டுவைத்த நெல் முழுவதும் தண்ணீரில் படுத்திருந்தது. குட்டிகள் கிடந்த இடம் காலியாக இருந்தது.

"நேத்து ஆத்தா ரெண்டு நடை போனதைப் பாத்தேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வீரணன். "ஒவ்வொரு குட்டியா வாயில கவ்விக்கிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போச்சு. நாய் ரெண்டு சுத்துச்சு, வெரட்டி விட்டேன். அப்புறம் மழை கொட்டிருச்சு. மூணாவது என்ன ஆச்சுன்னு தெரியல தாயி."

லத்திபா சேலையைச் செருகிக்கொண்டு, அரிவாளோடு சேற்றில் இறங்கினாள். ஒவ்வொரு பிடியையும் விலக்கிப் பார்த்துப் பார்த்தே அறுத்தாள்.