இடம் குறைந்துகொண்டே போனது

அப்பாவின் வலது காலை நேராக வைத்துக் கட்ட முடியவில்லை. பழைய வேட்டியில் கிழித்த துணியை இரண்டு கால் கட்டைவிரல்களிலும் சுற்றி முடிச்சுப் போடுவதற்குள், ஏழு மாதமாக மடங்கியே கிடந்த அந்தக் கால் மெல்ல விலகிப் போய்விட்டது. சொர்ணலதா மூன்றாம் தடவையாக முடிச்சை அவிழ்த்தாள். பக்கத்து வீட்டு பசம்மா முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா தாயி, அவசரம் பேடா" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னாள்.

அப்பா, ஆறுமுகசாமி மேஸ்திரி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு இறந்துபோனார். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதில் கொத்துக்கரண்டியோடு மைசூருக்கு வந்தவர். வித்யாரண்யபுரத்தில் மட்டும் அவர் கை பட்ட வீடுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். போன ஆவணியில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. ஆமா.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் ஏழு மாதத்தைக் கடத்தினார். காபி வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. வலிக்கிறதா, ஆமா. வலி விட்டதா, ஆமா. பசம்மா ஒரு நாள் சிரித்துக்கொண்டே, என் பெயரில் சொத்து எழுதித் தருகிறீர்களா மேஸ்திரி என்று கேட்டாள். அதற்கும் ஆமா என்றார். சொல்லிவிட்டு, தான் சொல்ல நினைத்தது இது இல்லை என்பதுபோல இடது கையை ஆட்டினார். கண்ணில் நீர் நின்றது. அதற்கப்புறம் பசம்மா அவரிடம் எதையும் கேட்பதில்லை.

ஒன்பதரை மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. அப்பாவின் தம்பி இறங்கினார், சென்னிமலை என்று பெயர், சொர்ணலதாவுக்குச் சித்தப்பா. அண்ணனைக் கொண்டுபோக கொள்ளேகாலிலேயே வேனைப் பேசி, பின் சீட்டுகளைக் கழற்றச் சொல்லி, வைக்கோல் பரப்பி எடுத்து வந்திருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும், பன்னிரண்டுக்குள் கிளம்பினால்தான் பொழுதோடு அடக்கம் செய்ய முடியும் என்றார்.

சொர்ணலதா நிமிர்ந்து வேனைப் பார்த்தாள். அம்மாவை மைசூரில்தான் புதைத்திருந்தது. சாமுண்டி மலையடிவாரத்து மயானத்தில், பதினொரு வருடத்துக்கு முன்னால். அடைமழையில் பஸ் ஓடவில்லை என்று அன்றைக்கு ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. மழை விட்டதும் அப்பா தன்னந்தனியாகப் போய் அம்மா பஞ்சவர்ணத்துக்கு மேடை கட்டினார். முழங்கால் உயர மேடை, ஒரு விளக்கு மாடம். அவருக்கு அது அரை நாள் வேலை. மூன்று நாள் எடுத்துக்கொண்டார். துக்கத்தில் கை ஓடவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"பொங்கலுக்கு வந்தப்ப நானே கேட்டேன் கண்ணு" என்றார் சித்தப்பா. "அண்ணா, உன்னைய நம்ம காட்டுக்கே கொண்டு போயரட்டுமான்னு. அய்யன், ஆத்தா எல்லாம் அங்கதான கெடக்கறாங்கன்னு. ஆமான்னு வாயத் தொறந்து சொல்லிப்போட்டாரு."

"என்கிட்டயும் ஆமான்னுதான் சொன்னார் சித்தப்பா. அம்மா பக்கத்துலயாப்பான்னு கேட்டேன்."

இரண்டு பேரும் கீழே கிடந்தவரைப் பார்த்தார்கள். அவர் வாயை ஒரு துணியால் சுற்றிக் கட்டியிருந்தது.

சித்தப்பா குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பெண் பிள்ளை நீ, நாளைக்கு எங்கே இருப்பாயோ, யார் வந்து விளக்கு வைப்பார்கள் என்றார். சொர்ணலதாவுக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா எதை நினைத்துக்கொண்டு போனார் என்பது தெரிந்துவிட்டால் போதும் அவளுக்கு. அது ஊரிலிருக்கும் காட்டு நிலம் என்றால் அவளே வேனில் ஏறிக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் ஜோதிமணி வந்தாள். சொர்ணலதாவோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற பெண். ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிற புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவர்களுக்கு. அப்பாவைத் தனியாக விட முடியாததால் ஆபீசில் ஒரு பழைய லேப்டாப்பை சொர்ணலதாவிடம் கொடுத்து வீட்டிலிருந்தே செய்யச் சொல்லியிருந்தார்கள். ஜோதிமணி மாலையை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையோ கேட்க வந்து கேட்காமல் தவித்தாள். சொர்ணலதாவே சொன்னாள். நாளைக்கு, திங்கட்கிழமை, புத்தகப் பட்டியலைக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டுமே, மிஷினை எடுத்துக்கொண்டு போ, ஆனால் அதில் இடமே இல்லை.

இந்த இடப் பிரச்சினையை நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் நடந்தது இது; அந்த லேப்டாப்பில் மொத்தமே முந்நூற்று நாற்பது மெகாபைட்தான். இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவுக்குக்கூடப் போதாது. கார்த்திகையிலிருந்து அந்த இடம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. காலையில் பார்த்தால் ஒரு கணக்கு, மறுநாள் அதைவிடக் குறைவு. சொர்ணலதா தேடிப் பார்த்தாள். ஏ என்ற ஆங்கில எழுத்தையே பெயராக வைத்துக்கொண்டு சில ஃபைல்கள் முளைத்திருந்தன. ஒன்றுக்கு ஒரு ஏ, அடுத்ததற்கு இரண்டு ஏ, அதற்கடுத்ததற்கு மூன்று. ஆபீசில் கேட்டால் வைரஸ் என்றார்கள். திறந்து பார்க்காதே, மிஷின் முழுக்கப் பரவிவிடும், பார்த்த இடத்திலேயே அழி என்றார்கள். அவளும் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து அழித்தாள். அடுத்த வாரம் ஒரு ஏ-யிலிருந்து மறுபடி முளைத்தன. அதைவிட ஆச்சரியம், எத்தனை அழித்தாலும் போன இடம் திரும்பவில்லை. விளையாட்டுகளை அழித்தாள், பாதி எழுத்துருக்களை அழித்தாள். நேற்று சனிக்கிழமை காலையிலேயே அழித்துப் பார்த்தும், பட்டியலைத் திறக்கக்கூட இடம் இல்லை என்று மிஷின் சொல்லிவிட்டது.

உள் அறை மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஜோதிமணி ஏதோ பார்த்தாள். திரும்பி, மெதுவான குரலில் கேட்டாள்.

"அக்கா, ரீசைக்கிள் பின்னை நீங்க ஒரு தரமும் காலி பண்ணலையா?"

"அழிச்சா அழிஞ்சிடாதா?"

"இல்லக்கா. அழிக்கிறதெல்லாம் இந்தக் குப்பைக்கூடைக்குள்ள வந்து உக்காந்துக்கும். நாம இதையும் கொட்டினாத்தான் போகும். நீங்க அழிச்சது ஒண்ணுகூடப் போகல. எல்லாம் இங்கயே இருக்கு."

பெயர்கள் வரிசையாக விரிந்தன. ஒரு ஏ, அதன் கீழே இரண்டு, அதன் கீழே மூன்று, நாலு, ஐந்து, ஆறு. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. திரையில் அது படிக்கட்டுபோல இறங்கி, மேலேறி, இறங்கி, முடிவில்லாமல் போயிற்று. ஏ ஃபைல்கள் மட்டும் மொத்தம் தொண்ணூற்று மூன்று. கொட்டிவிடலாமா என்று மிஷின் கேட்டது. ஜோதிமணி விரலை வைத்தாள்.

"இரு ஜோதி. இதெல்லாம் எப்ப வந்ததுன்னு தெரியுமா?"

ஜோதிமணி ஒன்றைத் தொட்டு விவரத்தைப் பார்த்தாள். மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று இருபது. அடுத்தது புதன்கிழமை, மூன்று பத்து. அதற்கடுத்தது மூன்றரை. எதைத் தொட்டாலும் மூன்றிலிருந்து நாலுக்குள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

சொர்ணலதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு தவிர தினமும் மூன்று மணிக்கு அவள் நூலகத்து அட்டைகளை மாற்றி எடுத்து வரப் போவாள். நாலு மணிக்கு வந்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் அப்பா மட்டும்தான்.

விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கார்த்திகையில் ஒரு நாள் அவள் லேப்டாப்பை அப்பாவின் மடியில் வைத்து, படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, கோலிக்குண்டு மாதிரி இருக்கிற உருண்டையை இடது கையால் உருட்டச் சொல்லிக் கொடுத்தாள். மூடும்போது மிஷின் ஏதோ கேட்கும், முதல் பொத்தானை அமுக்குங்கள், பெயர் கேட்டால் ஏதாவது எழுத்தைத் தட்டுங்கள் என்றாள். பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்தால் இன்னொரு எழுத்தைச் சேர்த்துத் தட்டுங்கள் என்றாள். வைத்ததைத் திரும்ப எடுப்பது எப்படி என்று சொல்லித்தர மறந்துபோனாள். அன்றிலிருந்து தினமும் அவர் பக்கத்தில் அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போவாள். வரும்போது திரை சுத்தமாக இருக்கும். சும்மா உருட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். பொழுது சாய்வதற்குள் கொத்துக்கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து, இடத்தைக் கூட்டிவிட்டு இறங்குகிற மனிதர் அவர் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"தெறந்து பாரு" என்றாள்.

ஜோதிமணி கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தாள். முதல் படத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு கோடு. ஐந்தாவதில் அந்தக் கோடு மூலை திரும்பியிருந்தது. இருபதாவதில் ஒரு கட்டம் முடிந்திருந்தது. தினமும் வெறும் திரையில் ஆரம்பித்து, நேற்றைய இடம்வரை வந்து, அதற்கு மேல் ஒரு கோடு போட்டிருக்கிறார். ஐம்பதாவதில் கோடுகள் நிமிர்ந்துவிட்டன. கடைசிப் படம் முந்தாநாள் வரைந்தது. இடது கையால், ஒரு உருண்டையை உருட்டிப் போட்ட கோடு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நூல் பிடித்ததுபோல இருந்தது.

சொர்ணலதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஆனால் என்ன படம் என்று புரியவில்லை. கட்டங்கள், சில இடத்தில் ஒற்றைக் கோடு, சில இடத்தில் இரட்டைக் கோடு, ஒரு வட்டம், ஒரு பெருக்கல் குறி. சனிக்கிழமை சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன. அவள் அழித்துவிட்டு நிமிரும்போதெல்லாம் அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னப்பா என்பாள். ஆமா என்பார். திங்கட்கிழமை ஒற்றை எழுத்தை மிஷின் மறுபடி ஏற்றுக்கொண்டபோது, மகள் பார்த்து எடுத்துக்கொண்டாள் என்றுதானே நினைத்திருப்பார்.

மேஸ்திரியின் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். சித்தப்பா சிறு வயதில் ஆறு வருடம் அண்ணனிடம் கையாளாக இருந்தவர். அவரைக் கூப்பிட எழுந்தவள், வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். இதில் என்ன இருந்தாலும், அவர் என்ன சொல்கிறாரோ அதுதான். அவளால் சரிபார்க்க முடியாது.

பிறகு கூப்பிட்டாள்.

சித்தப்பா வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேஸ்திரி முன்னால் நிற்கும்போது அப்படித்தான் நிற்பாராம். கோடு கோடாகப் படித்துக்கொண்டே போனார். ஒரு தடவை தலையைத் திருப்பி, ஜன்னல் வழியாகத் தெரிந்த வேனைப் பார்த்தார். வைக்கோல் பரப்பிய வேன்.

"இது அண்ணன் கோடு" என்றார். விரலை நீட்டி, திரையைத் தொடாமல் காட்டினார். "இது கேட்டு. இது எறங்கற படி, ஏழு. இந்த வட்டம் வேப்பமரம். பெருக்கல் போட்டது தண்ணிக் கொழாய். இந்தக் கட்டத்துக்குள்ளார சின்னதா மாடம் இருக்குது பாரு, அது அண்ணியோட மேடை."

சொர்ணலதா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். "பக்கத்துல இன்னொரு கட்டம்?"

"ஒத்தைக் கோடுன்னா இனிமேத்தான் கட்டோணும் கண்ணு. ரெட்டைக் கோடுன்னா கட்டியாச்சு." அவர் இன்னும் குனிந்தார். "இது நாலு பக்கமும் ரெட்டைக் கோடு."

"அங்க ஒண்ணும் இல்லையே சித்தப்பா. வருஷா வருஷம் போறோம். வெறும் புல்லுதான்."

"அண்ணன் தப்பாப் போடமாட்டாரு" என்றார் சித்தப்பா.

வெளியே போய் வேன்காரரிடம் பேசினார். வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று. சித்தப்பா உள்ளே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து அண்ணனின் சாமான் பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஜோதிமணி ஆபீசுக்குப் போய் மூன்று பெட்டி ஃப்ளாப்பி வாங்கி வந்தாள். ஒரு ஃப்ளாப்பிக்கு நாலு படம். எத்தனை நேரம் ஆனாலும் தொண்ணூற்று மூன்றையும் ஏற்றிவிட்டுத்தான் எழுவேன் என்று மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சொர்ணலதாவும் நடந்தாள். பெண்கள் வரக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த ஒருவரை சித்தப்பா பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார்.

கேட்டைத் தாண்டி ஏழு படி இறங்கி, வேப்பமரத்தைச் சுற்றி, அம்மாவின் மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். புல் மண்டிக் கிடந்தது. சித்தப்பா பையிலிருந்து நூலை எடுத்து, படத்தில் இருந்தபடியே மேடையின் ஓரத்திலிருந்து இரண்டு சாண் விட்டுப் பிடித்தார். அந்த அளவில் வெட்டச் சொன்னார். வெட்டியான் புல்லைச் செதுக்கி, ஒரு முழம் ஆழம் போனான். மண்வெட்டி எதிலோ பட்டு ணங்கென்றது. கல் என்று நினைத்து நகர்ந்து வெட்டினான். அங்கேயும் ணங்கென்றது. நாலு பக்கமும் சுற்றி வந்தான். நாலு பக்கமும் அதே சத்தம்.

சித்தப்பா குழிக்குள் இறங்கினார். கையாலேயே மண்ணை ஒதுக்கினார். செங்கல். ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி. ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். உள்ளே மண்ணை மட்டும் நிரப்பி, மேலே புல்லைப் பதித்து விட்டிருந்த ஒரு அறை. பதினொரு வருட மழையில் ஒரு கல்கூட அசைந்திருக்கவில்லை.

பாடையில் அப்பாவின் வலது கால் கட்டை மீறி லேசாக மடங்கியிருந்தது.

சித்தப்பா அண்ணாந்து சொர்ணலதாவைப் பார்த்தார். பையை நீட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். அதற்குள் கையை விட்டு, மட்டம் பார்க்கிற அப்பாவின் பழைய ரசமட்டத்தை எடுத்து, வேட்டி முனையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். செங்கல் வரிசையின் மேல் மெல்ல வைத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்த சின்னக் காற்றுக்குமிழி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஓடிவிட்டு, நடுவில் வந்து நின்றது.