சிவப்பு நட்டு

பட்டாளத்துப் பெயிண்ட் லேசில் உரியாது. காலையிலிருந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததில் பெயிண்டருக்குத் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. ஒரு பச்சைக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் மண் நிறம். எத்தனை வருடம், எத்தனை பேர், எந்தெந்தக் காட்டுக்காகவோ பூசியது. மாற்றுச் சக்கரத்தோடு சேர்த்து ஐந்து சக்கரங்களும் கழற்றப்பட்டுப் பட்டறைச் சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. நடுவில் லாரி, மரக்கட்டைகளின் மேல் காலில்லாமல் நின்றது.

ஏலத்தில் எடுத்த லாரி. எடுத்தவருக்குப் பட்டறையில் 'கர்னல்' என்று பெயர். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் இல்லை. சொந்தமாக நான்கு கட்டடங்களும், காட்டுப் பச்சைத் தொப்பி ஒன்றும் இருந்தன. அந்தத் தொப்பிக்காக வைத்த பெயரை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். யாரும் திருத்தப் போகவில்லை.

லாரியை ஆறும் சேறும் ஏறி இறங்குகிற வண்டியாக்கித் தர வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. மேஸ்திரி மூன்று மாதமாக அதற்குள்ளேயே குடியிருந்தார். இற்றுப்போன ரப்பர் குழாய்களை மொத்தமாக மாற்றினார். பிரேக்கைப் பிரித்து மாட்டினார். கமான் பட்டைகளைக் கூட்டி வண்டியை ஒரு முழம் உயர்த்தினார். ஆற்றில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாதபடி மூச்சுக்குழாயைக் கூரை வரைக்கும் தூக்கிவிட்டார். முன்னால் இழுவை வின்ச், பின்னால் கொக்கிகள், பக்கத்தில் ஏணி. எல்லாம் ஆயிற்று. பாக்கி இருந்தது நிறம் மட்டும்.

புது டயர்களை மாட்டிக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பெயிண்டரின் அக்கா புருஷன். பட்டறைக்கு எதிரே டயர்க் கடை வைத்திருக்கிறார். டயர்க்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர்தான். இந்த மாதிரிச் சக்கரம் அவருக்குப் பழக்கம். முன்பு ஏலக்கிடங்கில் எட்டு வருடம் இதே வேலை பார்த்தவர்.

"மாப்ள, மத்த சக்கரம் மாதிரி இல்ல இது. ரெண்டு தட்டு. நடுவுல டயர வச்சு, ரெண்டையும் சேத்து நட்டு போட்டு இறுக்கியிருக்கு. அதான் வெளி வட்டத்துல இருக்கே, இந்தப் பத்து நட்டு." விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பழைய பச்சைக்கு நடுவே பத்தும் சிவப்பாக இருந்தன. "வண்டியோட சக்கரத்தப் பிணைக்கிற நட்டு உள்வட்டத்துல வரும். அதக் கழட்டலாம். சிவப்ப, காத்து இருக்கும்போது கழட்டினா தட்டு பிச்சுக்கிட்டு அடிக்கும். அப்புறம் நேரா மேலதான்." தகரக் கூரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அதான் எட்டு வருஷமா மேல போகாம இருக்கீங்களா?"

"உங்க அக்காவக் கட்டினவன் மேல போய் என்ன செய்யப் போறேன்? எல்லாத்தையும் இங்கயே பாத்தாச்சு." சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தார்.

அவர் கடைக்குத் திரும்பியதும் பெயிண்டர் டயர்களுக்குப் பழைய செய்தித்தாளைச் சுற்றினான். பிறகு ஒரு டப்பாவில் கிரீஸ் எடுத்து, ஒவ்வொரு சிவப்பு நட்டின் மேலும் விரல் நுனியால் பூசிக்கொண்டே போனான். கிரீஸ் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. அடித்து முடித்துத் துணியால் துடைத்தால் சிவப்பு அப்படியே நிற்கும். ஐந்து சக்கரம், ஐம்பது நட்டு.

கர்னல் வந்தபோது மூன்றாவது சக்கரம் நடந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றே?"

"சிவப்பு நட்ட விட்டுட்டு அடிக்கணும் சார். அது அடையாளம்."

"அம்மை போட்ட மாதிரி இருக்குய்யா. கறுப்பு வண்டி, கறுப்புச் சக்கரம். எல்லாம் ஒரே கறுப்பா இருக்கணும்னுதானே சொன்னேன்?"

"டயர் கழட்டறவங்களுக்குத் தெரியணும் சார். இல்லேன்னா ஆபத்து."

கர்னல் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "சிவப்பு இருக்கறது நல்லதுதான் சார்" என்றார். கேட்டும் கேட்காத குரல்.

"அடுத்த மாசம் இந்தச் சக்கரத்தையே தூக்கிப் போட்டுடுவேன். புதுசு வருது, சாதாச் சக்கரம், ஒரே தகடு. அது வரைக்கும் போட்டோவுல பார்க்க நல்லா இருந்தா போதும். துடை."

மேஸ்திரியின் தலை உள்ளே போயிற்று. அடுத்த வண்டியும் கர்னலின் நண்பருடையது, அதற்கு அடுத்ததும் அப்படித்தான். பெயிண்டர் துணியை எடுத்து, பூசிய கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். ஐம்பது நட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பிறகு அடித்தான், மூன்று கோட்டிங். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்கு அரைகுறையாக விடத் தெரியாது.

சக்கரங்கள் வண்டியில் ஏறியதும், ஒவ்வொன்றின் நடுவிலும் மாட்டச் சொல்லி அகலமான கறுப்பு மூடிகளைக் கர்னல் கொடுத்தார். உள்வட்டத்து நட்டுகள் அவற்றுக்குள் மறைந்தன. வெளியே தெரிந்தது வெளிவட்டம் ஒன்றுதான். மச்சானிடம் சொல்லிவிட வேண்டும் என்று பெயிண்டர் நினைத்தான். அன்று மாலை அவர் கடை பூட்டியிருந்தது. மறுநாள் அவனுக்கு வேறு பட்டறையில் வேலை வந்தது. அதன்பின், அதான் புதுச் சக்கரம் வரப்போகிறதே என்று இருந்துவிட்டான். அதற்குமேல் அவன் அதை நினைக்கவில்லை.

புதுச் சக்கரம் வண்டியில் ஏறவில்லை. வந்த சக்கரத்தின் அளவு சரியில்லை என்று கர்னல் திருப்பி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது. புதுச் சக்கரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டிருந்த டயர்க்காரரிடம் யாரும் போய் இதைச் சொல்லவில்லை. அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

பெயிண்ட் அடித்த ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்குப் பின்னால் உள்ள சேற்று நிலத்தில் கர்னலும் நண்பர்களும் வண்டிகளை ஓட்டினார்கள். லாரியின் பின்சக்கரம் ஒன்றில் கல் குத்தி டயரின் பக்கவாட்டில் கீறல் விழுந்தது. காற்று கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது, முழுக்க இறங்கவில்லை. டிரைவர் மோட்டார் சைக்கிளில் வந்து, சாப்பாட்டில் கை வைத்திருந்த டயர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே எட்டுப் பத்துப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வெயில் இறங்குவதற்குள் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று கர்னல் இரண்டு தரம் சொன்னார். டயர்க்காரர் சேற்றில் மண்டி போட்டு, கையால் வழித்து, நட்டு எங்கே என்று பார்த்தார். அதற்கப்புறம் ஒரு சத்தம்தான் கேட்டது என்று டிரைவர் சொன்னான். டயர் வெடித்தது என்று நினைத்தானாம்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பெயிண்டர் போனபோது கட்டின் நுனியில் மஞ்சளாக ஏதோ ஊறியிருந்தது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

"சிவப்பத்தான் தேடினேன் மாப்ள" என்றார் டயர்க்காரர். நாக்கு உலர்ந்திருந்தது. "சேத்த வழிச்சு வழிச்சுப் பாத்தேன். இல்ல. ஒரு வட்டம்தான் தெரியுது, எல்லாம் கறுப்பு. சரி, புதுச் சக்கரம் மாட்டிட்டாரு போலன்னு ஸ்பானரப் போட்டேன்."

பெயிண்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் மச்சான் அடிச்சேன்."

"தெரியும். விழுந்து கிடக்கும்போது அந்தத் தட்டு என் மூஞ்சிக்கு நேராக் கிடந்தது. நட்டு மூலையில்கூட ஒரு சொட்டு வழியல. இந்த ஊர்ல வேற யாரு அப்படி அடிப்பா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பெயிண்டர் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். யாரோ ஒரு நர்ஸ், வழியை விட்டு நிற்கச் சொன்னாள்.

அக்கா பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"அழுது என்ன? போலீஸ்ல அந்தக் கர்னல் எழுதிக் குடுத்திருக்காரு, தெரியுமா? 'வேலை தெரியாதவன், அவனா ஏதோ கழட்டினான்'னு. கை போனதுகூட அவருக்குப் பெரிசா இல்லடா. வேலை தெரியாதவன்னு எழுதிட்டாங்களேன்னு ராத்திரி பூரா சொல்லிச் சொல்லிப் பொலம்பறாரு. நீ போய் அந்தக் கர்னல எழுதினத மாத்தி எழுதச் சொல்லு. சிவப்ப அழிக்கச் சொன்னது யாருன்னு எழுதட்டும். அது போதும் எங்களுக்கு."

மறுநாள் பெயிண்டர் பட்டறைக்குப் போனான். லாரி கழுவித் துடைத்து நின்றது. ஐந்து சக்கரங்களும் பழையபடி இருந்தன. அடித்துக்கொண்டு பறந்த தட்டு நேராக்கப்பட்டு மறுபடி மாட்டப்பட்டிருந்தது. நடுமூடிகள் மட்டும் கழற்றப்பட்டுக் கீழே கிடந்தன. கர்னல் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி கருவிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதையே அடுக்கினார்.

"சார், மச்சானுக்கு வேலை தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்களாம்."

"தெரிஞ்சிருந்தா கை போயிருக்குமா?"

"சிவப்ப அழிக்கச் சொன்னது நீங்க. மேஸ்திரி இருந்தாரு, கேட்டாரு."

மேஸ்திரி பெட்டிக்குள் எதையோ தேடினார்.

கர்னல் கோபப்படவில்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. மாத்தி எழுதறேன். அப்ப என்ன எழுதணும்? ஆபத்துன்னு தெரிஞ்சும் அடையாளத்த அழிச்சவன் யாரு? யார் கையில பிரஷ் இருந்தது? நீதானே ஆபத்துன்னு என்கிட்டயே சொன்னே? தெரிஞ்சே அடிச்சிருக்கே. போய்ச் சொந்த மச்சானக் கேளு, எதை எழுதலாம்னு. வேலை தெரியாதவன்னா, இல்ல மச்சினன் கையக் கெடுத்தான்னா. ரெண்டுல ஒண்ணு."

பெயிண்டருக்குப் பதில் இருந்தது. சொன்னது நீங்கள்தானே என்று உரக்கக் கத்தலாம். ஆனால் அவர் கேட்டதில் ஒன்று பொய்யில்லை. பிரஷ் அவன் கையில்தான் இருந்தது. மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வாரா என்று பார்த்தான். அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"நான் ஒண்ணும் உனக்குக் கெட்டவன் இல்ல" என்றார் கர்னல். "வேலை தரேன். இந்த நட்டெல்லாம் மறுபடி சிவப்பாக்கிடு. இன்ஸ்பெக்டர் வண்டியப் பாக்க வராரு. சட்டப்படி எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கணும்."

அவன் மறுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பினால் அடுத்த முறை அந்தச் சக்கரத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் மண்டி போடுவான். டப்பாவின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தான். சின்ன பிரஷ்ஷை எடுத்து, பின்சக்கரத்தின் முன் உட்கார்ந்தான். முதல் நட்டு, இரண்டாவது நட்டு. பெயிண்ட் எங்கும் வழியவில்லை. ஐம்பதையும் முடிக்க மதியம் ஆயிற்று. இடையில் அவன் தலை நிமிரவில்லை.

கர்னல் எழுந்து வந்தார். நான்கு எட்டுப் பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து லாரியைப் பார்த்தார். கறுப்பு வண்டியில் சிவப்பு வட்டங்கள் பளிச்சென்று இருந்தன. செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். குனிந்து, சக்கரத்துக்குக் கிட்டே வைத்து இன்னொன்று.

"அட, எடுப்பா இருக்கே! மொதல்லயே தோணாமப் போச்சே." அவருடைய குரலில் நிஜமான சந்தோஷம். "ஒண்ணு பண்ணு. பின்னாடி கொக்கி, முன்னாடி வின்ச், அந்த ஏணி, கதவுல இருக்கற நட்டு, எல்லாத்துக்கும் இதே சிவப்ப அடிச்சிடு. வண்டி பூரா அங்கங்க சிவப்பாத் தெரியட்டும்."

பெயிண்டர் கொக்கிகளைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான். இனி எந்தச் சிவப்பைத் தொடக் கூடாது என்று யாருக்கும் தெரியாது. எதிரே டயர்க் கடையின் கதவு சாத்தியிருந்தது. பிறகு டப்பாவைச் சாய்த்து, மிச்சமிருக்கிற பெயிண்ட் போதுமா என்று பார்த்தான்.