மோதிர விரல் தொடாத கட்டை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அதுதான் மரியாதை.

பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் புவனேஸ்வரன் எதிரே வந்தார். திரிங்காப்பில் காய்கறித் தோட்டம், சொந்த லோரி, கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடும் மனிதர். சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்ன கிராணி ஐயா, இந்த வருஷம் உங்க வீட்டுப் பெட்டிக்கு லீவுதானேலா?”

பெட்டி என்றால் ஆர்மோனியப் பெட்டி. திருவிழாவில் அம்மன் தேரேறும் முன் ஊரே சேர்ந்து பாடும் முதல் பாட்டுக்கு எங்கள் வீட்டார்தான் பெட்டி வாசிப்பார்கள்; வாசிப்பவருக்கு அம்மன் மாலை விழும். என் அப்பா வாசித்தார். பிறகு என் தம்பி ராதாகிருஷ்ணன். அவன் போன பிறகு அவன் மகள் அன்பரசி. எனக்குச் சங்கீதம் வராது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்து மட்டும் கொஞ்சம் வரும்.

முதல் பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசிப்பு நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு புவனேஸ்வரன் வீடு. அவர் மகள் ரூபினி கீபோர்டு வாசிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அன்பரசியின் வலது கை அப்போது கட்டுக்குள் இருந்தது.

விலை பேசாமல் கோஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது: “மலையைப் பனி மூடியிருந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு சோக கீதம்—”

(அடித்துவிட்டேன். இங்கே பனி மூடாத நாள் எது? தவிர, அவள் வாசித்தது சோக கீதமும் அல்ல.)

இரண்டாவது தொடக்கம்: “கொழுந்து வெட்டும் மிஷின் பழுதாகியிருந்த காரணத்தால் அன்பரசியின் கை—”

இதைப் பக்கத்து வீட்டு சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். அந்த மிஷினைத் தேயிலை வரிசையின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக நின்று தூக்கிப் பிடித்து நடக்க வேண்டும். ஒரு பிடி அன்பரசி கையில், மறு பிடி சரோஜா கையில். அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

“மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு, கிராணி ஐயா. அது மேல ஏன் பழி போடுறீங்க?”

“வேற எப்படி எழுதச் சொல்றே? ஓடுற கத்திக்குள்ள எங்க வீட்டுப் பொண்ணு கையை விட்டான்னா?”

“விட்டா. நானும் விட்டிருக்கேன். மலையில வேலை செய்யற எல்லாரும் விட்டிருக்கோம். எனக்கு அன்னிக்கு அடிபடலை, அவ்ளோதான்லா.”

ஆகவே மூன்றாவது தொடக்கம் உண்மையாகவே இருக்கட்டும். விடிகாலைக் குளிரில் அந்த மிஷினை உயிர்ப்பிப்பது பெரும் பாடு. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால், கத்தியில் குச்சி சிக்கினால் எங்கள் ஆட்கள் மிஷினை அணைப்பதில்லை. உறுமலைக் குறைத்து வைத்துக்கொண்டு, விரலால் குச்சியைச் சுண்டி எடுத்துவிட்டு, மேலே நடப்பார்கள். அன்று அன்பரசி நின்ற இடத்தில் மண் ஈரம். கால் வழுக்கியது. சரோஜாவின் பக்கம் மிஷின் ஆடியது. நடுவிரலும் மோதிர விரலும்.

அவள் கத்தவில்லையாம். முதலில் மிஷினை அணைத்தாளாம். “இப்ப அணைச்சு என்னடி பிரயோஜனம்னு நான்தான் அழுதேன்” என்றாள் சரோஜா.

3

ஈப்போ ஆஸ்பத்திரியில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டு பிரித்தபோது நடுவிரல் பணிந்து வந்தது. மோதிர விரல் மட்டும் பாதி மடங்கியபடியே நின்றது. நீட்டு என்றால் பக்கத்து விரல்கள்தான் நீண்டன.

இனி அன்பரசியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னால் முடிந்தவரை.

வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு, துடைத்து, பெட்டியின் மேல்துணியை இடது கையால் விலக்கினாள். இடது கை துருத்தியை அசைத்தது. காற்று ஏறும் அந்தச் சின்ன மூச்சைக் கேட்டதும் அவளுக்கு அப்பாவின் சட்டை வாசம் நினைவுக்கு வந்தது. (இதை அவளே சொன்னாள். நான் கற்பனை செய்யவில்லை.) வலது கையைக் கட்டைகள்மேல் வைத்தாள். அவள் தாத்தா கட்டிய அந்த முதல் பாட்டு. முதல் அடி:

பனி இறங்கும் வேளையிலே படி இறங்கி வா

‘வா’ என்ற இடத்தில் பாட்டு மேலே ஏறும். அந்தக் கட்டை மோதிர விரலுக்கு உரியது. நடுவிரல் வரை வந்தாள். மோதிர விரலுக்குச் சொன்னாள். அது கேட்டது, அசைந்தது, கட்டைக்கு அரை அங்குலம் மேலே நின்றது. சத்தம் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து.

அவள் ஒரு தெய்வத்தைப் போல வலியைப் பொறுத்துக்கொண்டு—

(இல்லை. பொறுத்துக்கொள்ளவில்லை. நன்றாகத் திட்டினாள். அந்த விரலை “டேய்” என்றே கூப்பிட்டாள்.)

நான் கேட்டேன். “சுண்டு விரலால தொடக் கூடாதா? வாசிக்கிறவங்க விரலை மாத்திக்கிறது இல்லையா?”

“மாத்திக்கலாம் பெரியப்பா. ஆனா மிஸ்ஸி என்ன சொன்னாங்க தெரியுமா?” மிஸ்ஸி என்றால் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் தாதி. “அந்த விரல் வேலையை வேற விரல் செஞ்சுட்டா, அது நிம்மதியாத் தூங்கிடுமாம். அப்புறம் எழுப்பவே முடியாதாம்.”

“திருவிழா அன்னிக்கு ஒரு நாள் மட்டும்?”

“இதுக்கு ஒரு நாள் லீவு கொடுத்தாப் போதும், கேட்டு வாங்கிப் பழகிடும். நம்ம ஆளுங்க மாதிரிதான் அதுவும்.”

4

இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பெரியப்பாவின் மேல். அவர் சன்னலைச் சாத்தச் சொல்கிறார்.

லைன் வீடுகளில் ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்மல் கேட்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் ஒரே அடி, ஒரே இடத்தில் நின்று, திரும்ப ஒரே அடி. ராதாகிருஷ்ணன் மகள் தடுக்கி விழுவதை ஊரே கேட்க வேண்டுமா? அதனால் சாத்தச் சொன்னேன். கதையில் அவரைக் கொஞ்சம் பெருந்தன்மையாகக் காட்டலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவர் வீட்டு மானத்துக்காகத்தான் சொன்னார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்பரசி எழுந்து போய், பாதி திறந்திருந்த சன்னலை முழுவதும் திறந்தாள்.

“தப்பா வாசிக்கிறேன்னு தெரியட்டும் பெரியப்பா. வாசிக்கவே இல்லைன்னு நினைச்சுக்கறதைவிட அது மேல்.”

நான் அவள் தாத்தாவின் மகன். அவருடைய முதுகெலும்பு எனக்கு வந்திருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது யாருக்கு வந்திருக்கிறது என்று அன்று பார்த்தேன்.

பிறகு ஒரு காரியம் நடந்தது. தண்ணீர்க் குழாயடியில் சரோஜா துணி அலசிக்கொண்டே பாடினாள்: “பனி இறங்கும் வேளையிலே படி இறங்கி…” நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். திரும்ப முதலிலிருந்து. மறுநாள் மலைச்சரிவிலும் கேட்டது. ஐந்தாறு பெண்கள் சேர்ந்தே பாடினார்கள், சேர்ந்தே நின்றார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சரோஜாவின் வாசலில் போய் நின்றேன்.

“கிண்டலா பண்றீங்க?”

“மொதல்ல கிண்டலாத்தான் ஆரம்பிச்சது. உங்ககிட்ட மறைப்பானேன்.” ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “இப்போ அந்த எடம் வந்தா வாய் தானா நின்னுடுது, ஐயா. அவளை விட்டுட்டு நாம மட்டும் எப்படி மேல போறதுன்னு இருக்கு.”

நான் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

5

புவனேஸ்வரன் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை நிறையத் தக்காளி. உட்கார்ந்து, தேநீர் குடித்து, தொண்டையைச் செருமினார்.

“நான் சந்தையில கேட்டது தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வழி சொல்றேன். அன்பரசியே வாசிக்கட்டும். அந்த ஒரு சுரத்தை மட்டும் எங்க ரூபினி பக்கத்துல உட்கார்ந்து கீபோர்டுல தட்டிடட்டும். பாட்டு நிக்காது. ஒருத்தருக்கும் தெரியாது. முதல் பாட்டும் உங்க வீட்டுலயே இருக்கும்.”

என் கோபத்தில் நான் வரைந்து வைத்திருந்த புவனேஸ்வரன் இவர் அல்ல. கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. எதிரியாக நிறுத்திய ஆள் தக்காளியோடு வந்துவிடுகிறார்.

நான் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தேன். உரிமை போகாது. மானம் போகாது. யாருக்கும் தெரியாது.

“அண்ணே,” என்றாள் அன்பரசி, “நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா அந்த ஒரு சுரத்துக்காகத்தான் நான் இவ்வளவு நாளா உட்கார்ந்திருக்கேன். மத்த சுரம் எல்லாத்தையும் வேணும்னா ரூபினி வாசிக்கட்டும்.”

புவனேஸ்வரன் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப பாட்டு நின்னா நின்னதுதான், கிராணி ஐயா. நான் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடியாது.”

“தளர்த்த வேண்டாம்” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. “தளர்த்தி வாங்கற மாலை எங்க வீட்டுக்கு வேண்டாம்.”

(இதை அவரும் படிப்பார். திருவிழா மலருக்குத்தான் இதை எழுதுகிறேன். மலர்க்குழுவுக்கும் அவரே தலைவர். வெட்டுவதென்றால் தக்காளியை மட்டும் வெட்டாமல் விடட்டும்.)

6

முடிவுகள்.

மலர் திருவிழாவுக்கு முன்பே அச்சுக்குப் போக வேண்டும். அதனால் நானே மூன்று முடிவுகள் எழுதி அன்பரசியிடம் கொடுத்தேன்.

முதல் முடிவு: விரல் நீள்கிறது, சுரம் ஒலிக்கிறது, மாலை விழுகிறது, புவனேஸ்வரன் கண்ணீர் விடுகிறார்.

“அவரா? அழுவாரா?” என்று சிரித்தாள்.

இரண்டாவது: விரல் நீளவில்லை. கடைசி நொடியில் சுண்டு விரல் ஓடிவந்து காப்பாற்றுகிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

இதற்குச் சிரிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது: கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அந்த இடம் வந்ததும், பழகிப்போன வாய்கள் தாமாக நின்றுவிடுகின்றன. அத்தனை பேரும் அமைதியாகிவிட்ட அந்த இடத்தில், பெட்டி மட்டும், தனியாக—

இதை இரண்டு முறை படித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கதை கைகூடிவிட்டது என்று நினைத்தேன்.

“பெரியப்பா, ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா நீங்களே வாசிச்சு முடிச்சுட்டீங்கன்னா, அன்னிக்கு நான் எதை வாசிக்கிறது? வெட்டிடுங்க.”

வெட்டிவிட்டேன். வெட்டியது உங்கள் கண்ணில் படுகிறதென்றால், அது என் அகம்பாவம்.

நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன். அது முடிவு அல்ல. வழக்கம்போல வாசித்து வந்தாள். நடுவிரல் வரை வந்தாள். மோதிர விரலுக்குச் சொன்னாள். கட்டை இறங்கியது! வெள்ளைக் கட்டை அடி வரை இறங்கியதை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆனால் சத்தம் வரவில்லை. விரல் இறங்கிய அதிர்ச்சியில் இடது கை துருத்தியை மறந்துவிட்டது. பெட்டியில் காற்று இல்லை.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் சிரித்த சிரிப்பில் சரோஜா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். அன்பரசி உடனே துருத்தியைப் பிடித்து, திரும்ப அதே விரலை வைத்தாள். அது மறுபடியும் அரை அங்குலம் மேலேயே நின்றது.

“பரவாயில்லை,” என்றாள். “வழி தெரிஞ்சுக்கிட்டான்.”

7

இந்த மலர் உங்கள் கையில் இருக்கும்போது அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாள். நிமிர்ந்து பாருங்கள். பாட்டு நின்றால் மாலை ரூபினிக்குப் போகட்டும். நானே எடுத்துக் கொடுப்பேன். நிற்காவிட்டாலும் என் முதுகு இதைவிட நிமிர இடமில்லை. சன்னலைத் திறந்து வைத்தவளின் பெரியப்பா நான்.

அந்த இடம் வரும்போது நீங்கள் நிற்கப் போகிறீர்களா, பாடப் போகிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கதையை, அவள் தினமும் வந்து நிற்கும் இடம் வரை நான் கொண்டுவந்துவிட்டேன். மீதி ஓர் எழுத்துதான். அது என்னுடையது அல்ல.

துருத்தி அசைகிறது. காற்று ஏறுகிறது.

பனி இறங்கும் வேளையிலே படி இறங்கி