மலை மறைத்த பொழுது

த்ரிசலா அம்மாளுக்குக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: பஞ்சைக் கொஞ்ச நேரம் கடித்திருங்கள், அப்புறம் ஆறிய கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போடுங்கள், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். பக்கத்தில் நின்ற மருமகள் சன்மதி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஆட்டோ பிடித்து, மாமியாரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தாள். கஞ்சியும் காய்ச்சி ஆற வைத்தாள். குறை சொல்லவே முடியாது.

ஜைன வீடு. பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. த்ரிசலா அம்மாள் அதிலும் ஒரு படி மேலே. மற்றவர்களுக்குக் காலண்டரில் போட்டிருப்பதுதான் அஸ்தமனம். இவருக்கோ சூரியன் மலைக்குப் பின்னால் ஒளிந்தாலே அடுப்படி சாத்தியாயிற்று. மலைக்குக் கிழக்கே இருக்கிற வீட்டில் அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று சொல்ல வேண்டுமா? மகள் சுருதி வயிற்றில் இருந்தபோது, நாளெல்லாம் வாந்தி எடுத்துவிட்டுச் சாயங்காலம் பசி பொறுக்காமல் தயிர்ச்சோற்றில் கை வைத்தாள் சன்மதி. "மலையப் பாருடி" என்று தட்டை உருவிக்கொண்டு போன மகராசி இவர்தான். அன்று ராத்திரி முழுக்க அழுததை அவள் மறப்பாளா என்ன!

பஞ்சை எடுத்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வெளிச்சம் மட்டும் நன்றாகவே இருந்தது. மரத்துக் கிடந்த தாடைக்கு உயிர் வந்து, வலி காதுவரை விண்விண்ணென்று தெறித்தது.

"கஞ்சி குடும்மா" என்றார் வீங்கின வாயோடு.

"ஐயையோ, பொழுது போயிடுச்சே அத்தை. மலையப் பாருங்க."

"காலண்டர்ல இன்னும் டைம் இருக்குது, பாரு."

"நம்ம வீட்டுல என்னிக்கு அத்தை காலண்டர் பார்த்தோம்? உங்க விரதத்த கெடுத்த பாவம் எனக்கு எதுக்கு?"

தானே போய் எடுத்துக் குடிக்கலாமென்று அம்மாள் எழுந்து பார்த்தார். தலை சுற்றி மறுபடி உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் பணிந்தறியாத அந்த அம்மாள் இரண்டு கையையும் கூப்பினார்.

"வலி தாங்கலம்மா. உன்ன கும்புடுறேன்."

சன்மதி டம்ளரோடு வந்தாள். அம்மாள் ஆவலாகக் கை நீட்டினார். அவர் கண்ணெதிரே முற்றத்துக் குழாயடியில் அதைக் கவிழ்த்தாள் சன்மதி.

"ராத்திரில பூச்சி விழுந்து செத்துடும் அத்தை. பாவம் இல்லையா?"

விளக்கு வைத்தபின் மகன் ஜினேஷ் கடையிலிருந்து வந்தான்.

"அம்மா, சாப்டியா? மாத்திர போட்டியா?"

அம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தார். நாளைக்கும் கஞ்சி அவள் கையால்தான் வர வேண்டும்.

"அவ குடுத்தாப்பா. நான்தான் பொழுது போச்சு, வேணாம்னுட்டேன்."

"பல்ல புடுங்கியும் விரதத்த விடல பாரு!" என்று பெருமைப்பட்டுக்கொண்டான் பிள்ளை.

அத்தை தன்னைக் கண்டு பயந்துவிட்டார் என்பது சன்மதிக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை, குளுகுளுவென்றுதான் இருந்தது. பக்கத்து அறையில் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்ததும் கஞ்சி வைக்க வேண்டும். அதற்கும் அவசரம் ஒன்றுமில்லை என்று நினைத்தபடியே நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.