திருப்பிப் போட்ட தலையணை

அமீரகத்தில், புஜைராவுக்கு மேலே, மலைப் பள்ளத்தாக்குக்குள், ரயில் சுரங்கம் தோண்டியவர்கள் தங்கிய பழைய கேம்பை இடிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அங்கேயே கிடந்து வெந்தவன் நான். இடிக்கவும் நானே வேண்டுமாம். நல்ல கம்பெனி.

எனக்கு அங்கே வேறொரு வேலையும் இருந்தது. விமலும் நானும் அந்தக் கேம்பில் ஒரே கட்டிலைப் பங்கு போட்டவர்கள். அவனுக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல். சுரங்கத்தில் பாறை சரிந்த அன்றிலிருந்து அவனைக் காணோம். ஆட்களை எண்ணிப் பார்த்தாயிற்று, சரிவில் யாரும் சிக்கவில்லை, அவன் எங்கோ ஓடிவிட்டான் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. இடிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் அவன் மனைவி நாகவள்ளி ஊரிலிருந்து போன் செய்தாள்.

"தாலிய வச்சுக்கவா, கழட்டவா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க, கார்மேகண்ணே."

ஜேசிபியை நிறுத்திவிட்டு எங்கள் ரூமுக்குள் போனேன். நல்ல வெயில் நேரம். கட்டில்களிலெல்லாம் தூசி அப்பிக் கிடந்தது. எங்கள் கட்டிலில் மட்டும் இல்லை. தலையணைகூட அப்படியே இருந்தது. எழுந்து போகிறவன் அதைத் திருப்பிப் போட வேண்டும், அடுத்தவனுக்கு வியர்வை படாத பக்கம் கிடைக்கட்டும் என்பது எங்களுக்குள் வழக்கம். கைப்பழக்கத்தில் திருப்பிப் போட்டேன். வெளியே வந்துவிட்டேன்.

மலைக்குள் ரயில் ஒன்று நுழைந்து சத்தம் அடங்கியது. அவன் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பிப் போனேன்.

தலையணை மறுபடி திரும்பியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் தலை அழுந்திய பள்ளம், அதில் ஈரச் சிமெண்ட். கட்டிலைத் தொட்டேன். ஆள் படுத்து எழுந்த சூடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாறை சரிந்த அன்று காலை எனக்குக் காய்ச்சல். டூட்டிக்குப் போகாமல் இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தேன். நைட் ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று கேம்ப் பாஸ் கட்டில் கட்டிலாகத் தட்டி எண்ணிக்கொண்டு போனான். எங்கள் கட்டிலையும் தட்டினான். ஏதோ கனவென்று நினைத்தேன். போர்வையை விலக்கிப் பார்க்காமல் என்னை விமலாக எண்ணிவிட்டுப் போயிருக்கிறான், மடையன்.

நாகவள்ளியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

"அவன் ஓடல தாயி. மலைக்குள்ளதான் கெடக்கான்."

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அந்தக் கட்டில இடிச்சிராதீங்கண்ணே. வந்தா படுக்க எடம் வேணும்ல."

தலையணையைச் சரியாக வைத்துவிட்டு, ஜேசிபியைக் கிளப்பாமலே நடந்து வந்தேன்.