எடுத்தாச்சு

“சார், நீங்க எந்தக் காலேஜ்ல புரொபசரா இருந்தீங்க?”

இப்படி ஒரு கேள்வி ஒருநாள் காலையில் குழுவில் வந்து விழுந்தபோது, அவள் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். கேட்டவர் குழுவின் அட்மின். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்கப்பட்டது அவளைத்தான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அண்ணனின் போன் ரிப்பேர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவளிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டால், அவள் சிரிப்பதா அழுவதா? இரண்டும் செய்யவில்லை. கும்பிடும் கை ஒன்றைப் பதிலாகப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழியை அட்டையால் ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தாள்.

“பாத்தீங்களா அடக்கத்த! பெரிய மனுஷங்க பெரிய மனுஷங்கதான்” என்று அட்மின் எழுதினார். அன்றிலிருந்து அவள் ‘சார்’ ஆகிப்போனாள்.

விலை குறைந்த மின்புத்தகங்களைத் தேடிப் பிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கென்றே இருந்த குழு அது. அவள் தன் படத்துக்குப் பதில் ஒரு மேஜை விளக்கின் படத்தை வைத்திருந்தாள். அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது மூக்குக்கண்ணாடி போட்ட, தலை நரைத்த, நாலு அலமாரி நிறையப் புத்தகம் உள்ள ஒரு பெரியவர் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் வாய் வேண்டுமே.

புத்தகம் எப்போது விலை இறங்கும் என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு மூக்கு இருந்தது. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றால் முதல் பாகம் சும்மா கிடைக்கும். அட்டைப்படத்தை மாற்றப்போகிறார்கள் என்றால் பழைய அட்டை பாதி விலைக்கு வரும். முதல் புத்தகம் எழுதி, யாரும் சீண்டாமல் மனம் வெறுத்துப்போனவர்கள் ஒருநாள் இலவசமாகத் திறந்து விடுவார்கள். கடையில் ஆள் வராத நேரங்களில், யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன ஒரு பழைய போனில் அவள் இதையெல்லாம் தேடுவாள். அதன் மூலையில் சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல். ஊரார் போனுக்கெல்லாம் கண்ணாடி மாற்றுகிறவள் தன் போனுக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

கண்டுபிடித்ததைக் குழுவில் போட்டதும் பதில்கள் வரிசையாக வரும்.

‘எடுத்தாச்சு.’

‘எடுத்தாச்சு சார், நன்றி.’

‘எடுக்கப் போனா ஏற்கெனவே என்கிட்ட இருக்காம்! போன வருஷமே எடுத்திருக்கேன் போல, ஹி ஹி.’

அவளால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. இலவசமாக வருவது மட்டும்தான் அவளுக்கு; அதிலும் முடிவில்லாத முதல் பாகங்களும், பாதியில் கீழே வைக்க வேண்டிய குப்பையும்தான். விலை குறைந்து வருவது எவ்வளவு குறைந்தாலும் விலைதான். அதற்கு அண்ணனின் கார்டு வேண்டும். கேட்டால், “ஸ்கூலுக்குப் போடின்னு கெஞ்சினப்ப போகல, இப்ப என்ன புத்தகம்?” என்பான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. எழுந்து நின்று பாடம் வாசி என்றால் தொண்டை அடைத்துப்போகிற பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று அவளேதான் நின்றுகொண்டாள். அதனால் மற்றவர்கள் முழுசாக எடுத்துக்கொள்ளும் புத்தகங்களில் அவள் மாதிரிப் பக்கங்களை மட்டும் படிப்பாள். எத்தனையோ கதைகள் எப்படித் தொடங்குகின்றன என்று அவளுக்குத் தெரியும். எப்படி முடிகின்றன என்று கேட்டால் விழிப்பாள்.

ஒரே ஒரு முறை, ஒரு தடித்த நாவல் ஒருநாள் மட்டும் இலவசமாக வந்தது. ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற மனிதர்களின் கதை. சார்ஜர் கேட்டு வந்தவனுக்கு இயர்போன் எடுத்துக் கொடுத்து அண்ணனிடம் திட்டு வாங்கிக்கொண்டே அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். படித்து முடித்ததும் யாரிடமாவது பேச வேண்டும் என்று, பசி மாதிரி, ஒன்று அவளைப் பிறாண்டியது. குழுவைத் திறந்து பார்த்தாள். அந்தப் புத்தகத்துக்குக் கீழே எடுத்தாச்சு, எடுத்தாச்சு, எடுத்தாச்சு. அந்த வரிசைக்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தை வேறு மாதிரி இருந்தது.

‘அழுதுட்டேன்.’

போட்டிருந்தது டைலர் அக்கா. படத்தில் ஒரு தையல் மிஷின். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. குழுவில் ஒருவரும் அந்த வார்த்தையைக் கண்டுகொள்ளவில்லை. அவள் மட்டும் மறுபடி மறுபடி போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். தான் படித்ததைப் படித்து, தான் அழுததற்கு அழுத இன்னொரு ஆள் இருக்கிறாள். தனியாக ஒரு செய்தி எழுதிப் பார்த்தாள்; அழித்தாள். வேறு மாதிரி எழுதினாள், அதையும் அழித்தாள். ‘சார்’ திடீரென்று ஒரு பெண்ணிடம் போய், எந்த இடத்தில் அழுதீர்கள் என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்?

அப்போதுதான், குழுவில் எல்லோரும் ஒருநாள் நேரில் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தது. பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கின் காத்திருப்பு அறையை விடுமுறை நாளில் தருவதாகச் சொன்னார். ‘சார் கண்டிப்பா வரணும்’ என்று எல்லோரும் எழுதினார்கள். டைலர் அக்கா, ‘வரேன்’ என்று ஒரு வார்த்தை போட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, இருப்பதில் நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டாள்.

“எங்கடி கிளம்பிடுச்சு ஊமைக்கோட்டான்?” என்றான் அண்ணன்.

“ஒரு ஃப்ரெண்டைப் பாக்க.”

“உனக்கு ஃப்ரெண்டா? வாயைத் தொறந்து பேசுவியா, இல்ல அங்கயும் போய்க் கண்ணாடி ஒட்டிட்டு வருவியா?”

கிளினிக் மாடியில் இருந்தது. கிராம்பும் மருந்தும் கலந்த வாசனை. சுவரில் ஒரு பெரிய பல்லின் படம், குறுக்கே வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. மீன் தொட்டியில் ஒரு மீன். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு ஒரு டஜன் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் மேஜைமேல் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி இருந்தது.

“யாரும்மா நீ?” என்றார் பல் டாக்டர்.

அவள் வாயிலிருந்து, “போன் கடை” என்பதுதான் வந்தது.

“அப்பாடா! வைஃபை வேலை செய்யலம்மா. கீழ்வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தேன், அவர்தான் அனுப்பினாரா? அதோ மேல இருக்கு பாரு.”

அவள் ஸ்டூல்மேல் ஏறி, வைஃபை பெட்டியை அணைத்து, மறுபடி போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு, இல்லை, நான்தான் சார் என்று எப்படிச் சொல்வது? கதவோரத்துக் கடைசி நாற்காலியில் போய் ஒண்டிக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. மறுபடி இணைப்பு போனால் ஆள் வேண்டுமே.

“சாரைக் காணோமே” என்றார் அட்மின். “பாவம், வயசானவரு. மாடி ஏற முடியாம கீழயே நிக்கிறாரோ என்னமோ.” ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, வண்ணக் காகிதப் பெட்டியைத் தட்டினார். “சாருக்குத்தான் வாங்கினோம். மேஜை விளக்கு. அவர் படத்துல இருக்கே, அதே மாதிரி.”

பிறகு யாரிடம் எத்தனை புத்தகம் இருக்கிறது என்ற பேச்சு வந்தது. ஒருவர் போன் நிரம்பிப் புதுப் போன் வாங்கிவிட்டாராம். இன்னொருவர் மனைவியின் போனிலும் இறக்கி வைக்கிறாராம். அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியாதாம். அறையே சிரித்தது.

“படிக்கறது எப்போ?” என்று டாக்டர் கேட்டார்.

“அதெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம்” என்றார் அட்மின்.

“நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே மாமா?” என்றான் ஓரத்தில் இருந்த ஒரு பையன்.

“அதனாலதான்டா நேரமே இல்ல!”

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த அறையில் யாருமே படிக்கவில்லை. தினமும் தேடித் தேடி, மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பார்த்து, குப்பையைத் தள்ளி, நல்லதாகப் பொறுக்கி அவள் போட்டதெல்லாம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். பரவாயில்லை, ஒருத்தி இருக்கிறாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைலர் அக்கா தாமதமாகத்தான் வந்தார். ஒல்லியான உருவம். புடவை ஓரத்தில் ஒரு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க, காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சார் வந்துட்டாராம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். “அவரைப் பாக்கத்தான் வந்தேன். தினமும் காலையில நமக்குன்னு ஒருத்தர் எதையோ தேடி அனுப்பறாரே, யாரு செய்வா?”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். எச்சிலை விழுங்கினாள். பள்ளிக்கூடத்தில் வராத குரல் எங்கிருந்தோ வந்தது.

“அக்கா, அந்த அஞ்சு மாடி வீட்டுக் கதை... நீங்க அழுதுட்டேன்னு போட்டிருந்தீங்களே. எந்த எடத்துலக்கா?”

“நானா?” அவர் போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போனார். பார்த்ததும் கை நின்றது. “ஐயய்யோ. இது இங்கயா வந்து விழுந்துச்சு?”

“ஏன்க்கா?”

“இது எங்க அக்காவுக்குப் போட்டதும்மா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னிக்கு வீட்ல பெரிய சண்டை. புள்ளைய இழுத்துக்கிட்டு வந்துடறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். துணியெல்லாம்கூட எடுத்து வெச்சேன். அப்புறம் என்னமோ, கிளம்ப மனசு வரல. என்னடி ஆச்சுன்னு அவ கேட்டா. அதுக்குப் போட்டது. அவளுக்குப் போய்ச் சேரலன்னு இப்பதானே தெரியுது.” சிரித்தார். “நான் எங்கம்மா படிக்கறேன். எல்லாரும் எடுக்கறாங்க, நானும் எடுத்து வெக்கறேன். நமக்குன்னு ஒரு நேரம் வராமயா போயிடும்?”

மீன் தொட்டியில் அந்த ஒற்றை மீன் கண்ணாடியை முட்டிவிட்டுத் திரும்பியது.

“ஆமா, அழறதுக்கு அந்தக் கதையில அப்படி என்ன இருக்கு?” என்றார் அக்கா, ஏதாவது பேச வேண்டுமே என்பது போல.

அவளிடம் இப்படி யாரும் கேட்டதே இல்லை. அவள் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கதையில் எத்தனையோ பேர். ஒரே வீட்டில் பேசாமல் வாழும் இரண்டு சகோதரர்கள், காதில் விழுந்ததையெல்லாம் மேல் மாடிக்கு ஏற்றி விற்கும் காவல்காரர். அவர்களை விட்டுவிட்டு, மூன்றாம் மாடிப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவளுக்காகத்தான் இவள் அழுதிருந்தாள்.

“கதவுக்குப் பின்னாடி ஒரு பெட்டி கட்டி வெச்சிருப்பாக்கா. அவளுக்கும் கொழந்தைக்கும் துணி. கெளம்பணும்னா தூக்கிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். ஆனா கொழந்தை வளந்துடுது. அதனால அப்பப்போ பெட்டியத் தொறந்து சின்னச் சட்டையெல்லாம் எடுத்துட்டு, பெரிய சட்டை வெப்பா.”

புடவை ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. “அவ புருஷனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலயா?”

“கேக்கல. சுவத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தப்போ அவரே பெட்டியத் தூக்கி வெளிய வெப்பாரு. அடிச்சு முடிச்சதும், அதே எடத்துல கொண்டாந்து வெச்சுடுவாரு.”

அறையின் மறுகோடியில், சாருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா என்று அட்மின் கேட்டுக்கொண்டிருந்தார். சாரின் குரலை யாருமே கேட்டதில்லையே என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் காதில் அது எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. முகத்தை இவள் பக்கம் நன்றாகத் திருப்பியிருந்தார். ஒரு கதையை இத்தனை ஆசையாகக் கேட்கும் முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“கடைசியில போறாளா?”

போகிறாள் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியதே அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான். அந்த நிமிஷத்தில், முடிவு வரை தனக்குத் தெரிந்த ஒரே கதையை ஒருவர் கேட்கிறார் என்கிற சந்தோஷம் மட்டுமே இருந்தது.

“இல்லக்கா” என்றாள். “பெட்டிதான் பழசாயிடும். பையன் பெரியவனாகி, அதே பெட்டிய எடுத்துக்கிட்டு வேலைக்கு வெளியூர் போவான். அவ கதவுகிட்ட நின்னு வழியனுப்புவா.”

“நான் எடுத்து வெச்ச சட்டையும் இந்நேரம் புள்ளைக்குச் சின்னதாயிருக்கும்” என்றார் அக்கா. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; கூட்டுக்குள் போட்டு மூடினார். போனைப் பைக்குள் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“என்னம்மா, இப்பதானே வந்தீங்க? சார் வந்துடுவாரு, இருங்க” என்றார் அட்மின்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. இவளையும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த வண்ணக் காகிதப் பெட்டியைக் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. மெதுவாக, மிக மெதுவாக, அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.