காலையில் போட்ட முட்டை

முட்டைப் பண்ணைக்காரர் வீட்டில் முழு முட்டையை யாரும் தின்பதில்லை. நல்லதெல்லாம் அட்டையில் அடுக்கி லாரி ஏறிவிடும். விரிசல் விட்டதும் ஓடு நசுங்கியதும் மட்டும்தான் அடுப்படிக்கு வரும். அதை ஊற்றிப் பொரிப்போம், குழம்பில் உடைத்து விடுவோம். வெண்ணந்தூரிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் நானும் அதைத்தான் தின்கிறேன். அதனால்தான் அன்றைக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை.

என் நாத்தனார் கனிஷ்காவைப் பெண் கேட்டிருந்தவர்கள் பரமத்திப் பக்கம் பெரிய பண்ணைக்காரர்கள். பையன் சபரிநாதன் அவளோடு கல்லூரியில் படித்தவன். அவன் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். முதல் தடவை வந்தபோது பையனின் பெற்றோர் மோர்கூடக் குடிக்கவில்லை. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. புரட்டாசி கழியட்டும், சாப்பாட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

இடையில் யாரோ புண்ணியவான் அவர்கள் காதில் ஓதிவிட்டான். என் மாமனார் அப்புசாமி, தேங்கிய பழைய முட்டையைப் புதுசோடு கலந்து ஏற்றுகிறாராம். பச்சைப் பொய். மாமா வாய்ச்சவடால் பேர்வழி, ஆனால் தொழிலில் சுத்தம்.

"அன்னைக்குப் போட்ட முட்டையவே எலையில வெக்கறேன். தின்னு பாத்துட்டுப் பேசட்டும்" என்றார். சொன்னபடியே ஞாயிறு காலையில் சூடு ஆறாத முட்டைகளை அட்டையோடு கொண்டுவந்து வைத்தார். இலைக்கு ஒரு முழு முட்டை, வடு இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டுமாம். உத்தரவு போடுகிறவருக்கு உரிக்கிற வேலை இல்லையே.

வேகவைத்து உரித்தால் ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது. குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சோடா உப்புப் போட்டு இன்னொரு ஈடு வேகவைத்தேன். அகலமான பக்கத்தில் தட்டி, உள்தோலுக்கடியில் கரண்டிக் காம்பை விட்டேன். அம்மை போட்ட முகம் மாதிரி குண்டும் குழியுமாகத்தான் வந்தது. நகக்கண்ணில் ஓடு குத்தி ரத்தம் கசிந்தது. கனிஷ்கா பட்டுச் சேலையோடு வாசற்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

வெண்ணந்தூரில் அம்மா கடையில் வாங்கும் முட்டை லேசாக உரியும் என்பது நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் மோகன்குமாரைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனேன்.

"ஏனுங்க, மாமாவுக்குத் தெரியாம பொட்டிக் கடையில முட்டை வாங்கியாருங்க."

"பண்ணைய வெச்சுக்கிட்டுக் கடைல முட்டை வாங்கறதா? ஊரே சிரிக்கும்."

"உங்க தங்கச்சி அழுவறதுக்கு ஊரு சிரிக்கறது மேலுங்க."

வாங்கி வந்தார். புரட்டாசியில் விற்காமல் கிடந்த முட்டை. தட்டினேன், சட்டை கழற்றுகிற மாதிரி ஓடு கழன்றது. மாமா எட்டிப் பார்த்து, "பாத்தியா, இதான் நம்ம முட்டை" என்று மீசையைத் தடவினார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

பந்தியில் உட்கார்ந்தும் பையனின் அப்பா பாலசுந்தரம் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"ஒரு பேச்சு காதுல உழுந்துச்சுங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கை நனைக்க முடியாதுங்க" என்றார்.

மாமா பதறவில்லை. "எலையில வெக்கற முட்டை இன்னைக்குக் காலைல போட்டதுங்க. நீங்களும் பண்ணைக்காரரு. பாத்தாத் தெரியாதுங்களா?"

நான் ஏந்தியிருந்த பாத்திரத்தில் கடை முட்டைகள் பளபளத்தன. நாள்பட்டதால்தானே இது இவ்வளவு லேசாக உரிந்தது. இலையில் வைத்த மறுநிமிஷம் பாலசுந்தரத்துக்குத் தெரிந்துவிடும். பழைய முட்டையைப் புதுசு என்கிறான் என்று எவனோ சொன்ன பொய்யை நானே என் கையால் மெய்யாக்கியிருப்பேன்.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிய்ந்த முட்டைகளை எடுத்தேன். மாமியார் பொன்னாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதையா வெக்கப் போற? மானம் போயிரும் சாமி."

"இதை வெச்சாத்தான் அத்தை மானம் நிக்கும். உடுங்க."

இலைதோறும் வைத்தேன். பையனின் அம்மா ஜானகியம்மாள் முகம் சுளித்து, "என்னங்க இது, எலி கறண்டுனாப்பல" என்றார். கதவுக்குப் பின்னால் கனிஷ்காவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

பாலசுந்தரம் முட்டையைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த ஒரு சில்லு ஓட்டை நகத்தால் நெம்பினார், அதோடு வெள்ளையும் வந்தது. முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"காலைல போட்டதுதான் ஜானகி. பழசா இருந்தா இப்புடி ஒட்டாது. சாப்புடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொண்ணு வைங்க சாமி" என்றார்.

மூச்சு விடுவதற்குள் மாமா குரல் வந்தது. "சௌந்தர்யா, வெள்ளையா உரிச்சு வெச்சிருந்தியே, அதைக் கொண்டா."

மனுஷன் கெடுத்தார். "அப்படி எதுவும் இல்லீங்க மாமா. எல்லாம் இதேதானுங்க" என்றேன். மோகன்குமார் அவசரமாக எழுந்து ரசம் ஊற்றப் போனார். மாமா வாய் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், என்ன தோன்றியதோ மூடிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்துக் கிளம்பினார்கள். அடுப்படியில் கடை முட்டைகள் அப்படியே இருந்தன. அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு முட்டையை எடுத்துக் கனிஷ்காவின் கையில் வைத்தார்.

"போற ஊடும் பண்ணையூடுதான் சாமி. அங்கயும் நமக்கு ஒடைசல்தான். இன்னைக்கு முழுசா ஒண்ணு தின்னு."

கனிஷ்கா சிரித்துக்கொண்டே கடித்தாள், பாதியில் அழுதாள். அத்தை எனக்கொன்று கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.